ஏ.சி.எல். ஒபரேசன் முடிந்து ஆறு மாதம்: சுற்றுப்போட்டியில் இறங்கலாமா?

கேள்வி, 2025 ஜூன் 21

களுவாஞ்சிகுடிப் பக்கம், வயது 22, காற்பந்தில் வலது விங் ஆடுகிறேன். ஜனவரியில் ஒரு மேட்சில் முழங்கால் திருகி, பெப்ரவரி நடுவில் ஏ.சி.எல். (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் சவ்வு) ஒபரேசன் செய்தாயிற்று. தொடையின் பின்பக்கத்து நாரை எடுத்து வைத்தார்கள். இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை, நேராக ஓடுகிறேன். ஒகஸ்ட் கடைசியில் கழகத்துக்குப் பெரிய சுற்றுப்போட்டி. அப்போது ஆறு மாதம் தாண்டிவிடும், ஆறு மாதம் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பிரேசில் ரொனால்டோவே ஐந்து மாதத்தில் வந்தவர்தானே? ஆடி அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

2025 ஜூன் 21, இரவு

தம்பி, இறங்காதே. ஒகஸ்டை மறந்துவிடு. ஏன் என்று ஆறுதலாக எழுதுகிறேன், ஆனால் ரொனால்டோ கதையை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மேட்ச் பார்க்க வருகிற பல பேர் இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்துவதைக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் போனது ஏ.சி.எல். இல்லை. முழங்கால் சிரட்டைக்குக் கீழே, காலை நீட்ட உதவும் தடித்த நார் இருக்கிறதே, அது. 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது கிழிந்தது. ஒபரேசன் செய்து, 2000 ஏப்ரல் 12ஆம் திகதி இத்தாலியக் கிண்ண இறுதியில் லாட்சியோவுக்கு எதிராக மாற்று வீரராக இறக்கினார்கள். சில நிமிடம்தான் ஆடினார். பந்தோடு வந்து எதிராளியை ஏமாற்றக் காலை வீசியவர் யாரும் தொடாமலே விழுந்தார், அந்த நார் முழுதாக அறுந்துவிட்டது. 2002 உலகக் கிண்ணத்தில் 8 கோல் அடித்த ரொனால்டோ, இறுதிப் போட்டியில் ஜெர்மனிக்கு இரண்டு போட்ட ரொனால்டோ, அடுத்த ஒபரேசனும் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேல் வெளியே இருந்துவிட்டு வந்தவர். நீ சொல்கிற ஐந்து மாத ரொனால்டோ ஸ்ட்ரெச்சரில் போனார்.

2025 ஜூன் 22

வலி இல்லை, வீக்கம் இல்லை என்கிறாய். எனக்குப் பயமே அதுதான்.

உள்ளே வைத்திருப்பது உன் பழைய சவ்வு இல்லை. தொடையிலிருந்து எடுத்த நாரை எலும்பில் துளை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கட்டிய நேரத்தில் அதற்கு இரத்த ஓட்டமே கிடையாது. கொச்சி (மிளகாய்)க் கன்றைப் பிடுங்கி வேறு பாத்தியில் நட்டால் முதலில் வாடித் துவண்டு, மறுகாதானே வேர் பிடித்து நிமிரும்? இதுவும் அப்படித்தான். வைத்த அன்றைக்கு இருந்த பலம் வருகிற வாரங்களில் குறைகிறது. பிறகு புதிதாக இரத்தக் குழாய் ஓடி, புது உயிரணுக்கள் வந்து, மெல்ல மெல்லத்தான் அந்த நார் மூட்டுச் சவ்வின் குணத்துக்கு மாறுகிறது. ஒரு வருடம் தாண்டியும் நடக்கிற வேலை அது. வலியோ மூன்றாம் நாலாம் மாதமே போய்விடுகிறது. அதனால் வலியைக் கேட்டு முடிவெடுத்தால் கால் சுகம் என்றுதான் தோன்றும்.

ஒஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவெயரிலும் 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்காலில் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. கால் பலத்தையும் தாவலையும் அளந்து பார்த்த சோதனைகளில் தேறாமல் இறங்கியவர்களில் 38 வீதம் பேருக்கு மறுபடி காயம். தேறி இறங்கியவர்களில் 6 வீதத்துக்கும் குறைவு. தேறியவர்கள் தொகை சின்னது, அதனால் அந்த 6ஐப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பார்.

இன்னொன்று, உன் வயது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒபரேசனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பினால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மறுபடி ஏ.சி.எல். போகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதே காலில் மட்டுமில்லை, மற்றக் காலிலும்.

2025 ஜூன் 24

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுதியிருக்கிறார், பிள்ளையைச் சும்மா வெருட்டாதீர்கள், ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷாவி 2005 டிசம்பரில் கிழித்து 2006 உலகக் கிண்ணத்துக்கே போனாரே என்று. உண்மைதான் காக்கா, போனார். அலன் ஷியரர் 1992 டிசம்பரில் அடிபட்டு, திரும்பி வந்த பருவத்தில் லீக்கில் மட்டும் 31 கோல், அடுத்த பருவத்தில் 34 கோல் அடித்து பிளக்பேர்னைச் சம்பியன் ஆக்கினார். ரோய் கீன் 1997இல் கிழித்து, 1999இல் மன்செஸ்டர் யுனைட்டட் மூன்று கிண்ணம் எடுத்தபோது தலைவர். முழங்கால் போனால் ஆட்டம் முடிந்தது என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லித்தான் எங்கள் ஊரில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரரை வீட்டில் இருத்திவிட்டார்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் திரும்புவது ஒன்று, நிலைப்பது வேறொன்று. ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களைப் பல வருடம் பார்த்த ஆய்வில் 90 வீதத்துக்கும் மேலானவர்கள் ஒரு வருடத்துக்குள் மைதானத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து அதே உயர்ந்த மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 65 வீதம். கழக வைத்தியரும் சொந்த பிசியோவும் (உடற்பயிற்சி மூலம் குணப்படுத்துபவர்) உள்ளவர்களின் கணக்கே இப்படி. எங்களைப் போல வேலைக்கும் போய்க்கொண்டு ஆடுகிறவர்களையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 வீதம், பழைய மட்டத்துக்கு வந்தவர்கள் 65, போட்டிக்கே திரும்பியவர்கள் 55.

சுற்றுப்போட்டிக்காகத் துடிக்கிற தம்பிக்கு நான் காட்ட விரும்பும் ஆள் வேர்ஜில் வான் டைக். 2020 ஒக்டோபர் 17ஆம் திகதி எவர்டனுக்கு எதிராக அடிபட்டார், அந்த மாதமே ஒபரேசன். பிந்திப்போன யூரோ 2020, அதாவது ஐரோப்பியக் கிண்ணம், தொடங்கியது 2021 ஜூனில். அவர் நெதர்லாந்தின் தலைவர், ஏழு மாதம் தாண்டியிருந்தது, உலகத்தில் உள்ள வசதியெல்லாம் கையில். போகவில்லை. மே மாதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூலைக் கடைசியில் நட்பு ஆட்டம் ஒன்றில் கொஞ்ச நேரம் இறங்கி, பிறகு அந்தப் பருவம் முழுக்க லிவர்பூலின் பின்களத்தில் நின்றார். யூரோவையே விட்டவர் இருக்கிறார் தம்பி, உன் கழகம் உன்னை ஒரு சுற்றுப்போட்டிக்கு விட்டுத்தரட்டும்.

2025 ஜூன் 29

தொடையைப் பற்றி எழுதவேண்டும். எல்லாரும் முழங்காலையே பார்க்கிறார்கள், தீர்ப்புச் சொல்வது தொடை.

எனக்கும் இதே ஒபரேசன்தான், இடது காலில். ஒபரேசனுக்குப் பிறகு தொடை சூம்பிப் போயிருந்தது, காற்சட்டை போட்டால் தெரியாது, உட்கார்ந்தால் தெரியும். அக்கா வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பவர். சிரட்டையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே பேனையால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் தன் அளவு நாடாவால் அளந்து, ஊர்ப் பெண்களின் சட்டை அளவு எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தார். மாதம் ஒருமுறை அளந்தார். இரண்டு எண்ணும் கிட்டக் கிட்ட வருவதைப் பார்க்கத்தான் எனக்குப் பயிற்சி செய்கிற மனம் வந்தது. சுற்றளவு பலத்தைச் சரியாகக் காட்டாது என்று பிசியோ பின்னர் சொன்னார், அதுவும் சரி. இருந்தாலும் வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய காரியம்.

பெரிய இடங்களில் மெசினில் உட்கார வைத்துத் தொடைப் பலத்தை அளப்பார்கள். அது இல்லாவிட்டாலும் செய்து பார்க்கக்கூடியவை இருக்கின்றன, பிசியோ சரி என்று சொன்ன பிறகு மட்டும். ஒரு காலில், கையை ஊன்றாமல், கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது: ஒபரேசன் செய்த காலில் எத்தனை, மற்றக் காலில் எத்தனை? மறுகா தாவல். சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு கீறி, ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்கவேண்டும். நின்றால்தான் கணக்கு. குதிக்கால் விழுந்த இடம் வரை அளந்து, ஒவ்வொரு காலுக்கும் மூன்றில் நல்லதை எடுத்துக்கொள். நல்ல காலின் தூரத்தில் 90 வீதமாவது மற்றக் கால் தாவவேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் வைக்கிற அளவு.

தூரத்தோடு, இறங்குகிற விதத்தையும் பார்க்கச் சொல். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் தூரம் எவ்வளவு இருந்தும் பிரயோசனம் இல்லை.

2025 ஜூலை 6

தம்பி பிசியோவைக் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே தாவிப் பார்த்து எழுதியிருக்கிறான். நல்ல கால் 165 சென்ரிமீற்றர், மற்றது 120. 73 வீதத்துக்குக் கிட்ட. வலி இல்லாத, வீக்கம் இல்லாத, நேராக ஓடுகிற காலின் நிலை இது. எழுதியதற்கு நன்றி தம்பி, மறைக்காமல் எழுத மனம் வேண்டும்.

2025 ஜூலை 13

அந்த 90 வீதத்தைப் பற்றி இன்னும் யோசித்தேன். மாதக் கணக்காக ஓடாமல் இருந்தால் நல்ல காலும்தானே பலம் குறைகிறது? குறைந்துபோன காலோடு ஒப்பிட்டு 90 எடுத்துவிட்டுச் சரி என்று இறங்குகிறார்கள். இதை அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது, ஒபரேசனுக்கு முன்னர் நல்ல கால் எப்படி இருந்ததோ அதோடு ஒப்பிட்டால் தேறியவர்கள் பலர் தேறவில்லை. ஆகவே இனி ஒபரேசனுக்குக் காத்திருக்கிறவர்கள், இப்போதே நல்ல காலை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் திகதி வருவதற்குச் சில காலம் ஆகும், அந்த நாட்களை வீணாக்காமல் முழங்காலை முழுதாக நீட்டவும் தொடையை இறுக்கவும் பழகிக்கொண்டு போனால் ஒபரேசனுக்குப் பிறகு பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

2025 ஜூலை 27

மைதானத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். நான் இதைத் தனியாகவே எழுத இருந்தேன்.

ஜூலை, ஒகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது எங்கள் மைதானங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பாக இருந்தால் என்ன, கல்முனைச் சந்தாங்கேணியாக இருந்தால் என்ன, புல் காய்ந்து, தரை இறுகி, ஓடினால் புழுதி. அவுஸ்திரேலியாவில் தங்கள் நாட்டுக்கே உரிய காற்பந்தை வைத்துப் பார்த்தவர்கள், மழை குறைந்து ஈரம் அதிகம் ஆவியாகும் காலத்தில் ஏ.சி.எல். காயம் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். காரணம் விளங்குகிறது. காய்ந்த தரையில் சப்பாத்து பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் அகப்படுவது முழங்கால். நீளமான, தட்டையான கட்டைகள் உள்ள பூட்ஸ் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். திரும்பி வருகிறவர்கள் முதல் மாதங்களிலாவது குட்டையான, உருண்டைக் குமிழ் உள்ளதைப் போடுங்கள். அழகு குறைவுதான், இருக்கட்டும்.

கடற்கரை ஓட்டம் பற்றியும். கல்லடிக் கரையில் ஈர மணலில் ஓடுவது சுகம் என்று எல்லாரும் போகிறார்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும், ஒரே பக்கமாக ஓடினால் அதன் சுமை ஒரே முழங்காலுக்கு. போன தூரம் திரும்பி வாருங்கள் அல்லது மேட்டுக்கு வாருங்கள். காய்ந்த மணலில் வெட்டித் திரும்புகிற பயிற்சி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நடப்பது நல்லது, பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீர் வெகுதூரம் இருக்கிறது, அலையும் இல்லை. காயம் நன்றாக ஆறிய பிறகு, தவளை நீச்சலை விட்டுவிட்டு.

2025 ஒகஸ்ட் 9

பயத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை. எல்லாரும் ஆண்பிள்ளைகள் என்பதாலோ என்னவோ.

நான் திரும்பி வந்தபோது கால் பலம் சரி, தாவல் சரி, பிசியோவும் போ என்றுவிட்டார். முதல் பயிற்சி ஆட்டத்தில் இடது பக்கம் ஒரு பந்து வந்தது, எனக்கும் எதிரணிப் பையனுக்கும் நடுவில், பாதிப் பாதி. ஓடினேன், ஓடியும் கடைசி அடியில் கால் தானாகவே கட்டையானது. பந்தை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். யாரும் கவனிக்கவில்லை, எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. பிறகும் பல ஆட்டங்களில் உடம்பு முடிவெடுத்த பின்னர்தான் எனக்கே தெரிய வரும், இந்தப் பந்துக்கு நான் போகவில்லை என்று. பயந்து ஆடுகிறவன் பாதி நிறையோடு காலை வைக்கிறான், அது அவனுக்கும் நல்லதில்லை, அணிக்கும் நல்லதில்லை.

அதைத் தீர்த்தது பேச்சு இல்லை. என் பழைய கூட்டாளி ஒருவன், மேட்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஒரு பந்தை நடுவில் வைத்து என்னோடு மோத நிற்பான். முதலில் நடந்து வந்து தோளோடு தோள். சில நாள் கழித்து அரை ஓட்டம். அதன் பிறகு முழு ஓட்டம், எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்லாமல். இந்த மனநிலையை அளப்பதற்கே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, மறுபடி அடிபடுமோ என்று நினைக்கிறாயா, அதையே யோசித்துக்கொண்டு ஆடுகிறாயா என்றெல்லாம் கேட்கும். தயாராக இல்லை என்று மனம் சொன்னால் அதையும் ஒரு சோதனையில் தேறாததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஒகஸ்ட் 24

மருதமுனைக் காக்கா ஒருவர் தன் மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். பந்தடிக்கும்போது முழங்காலில் “டக்” என்று சத்தம், சற்று நேரத்தில் வீங்கிவிட்டது, எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்ல, முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போட்டு வீக்கம் வற்றிவிட்டது. இப்போது நடக்கிறான், திரும்பினால் மட்டும் கால் கழன்றுபோகிற மாதிரி இருக்கிறதாம்.

காக்கா, எக்ஸ்ரேயில் சவ்வு தெரியாது. எலும்பு மட்டும்தான் தெரியும். சத்தம் கேட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வீங்கினால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்கவேண்டும், அதற்கு மிகப் பொதுவான காரணம் ஏ.சி.எல். எலும்பு வைத்தியர் படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார், பிறகு எம்.ஆர்.ஐ. முறிவு நெரிவு வைத்தியரைக் குறை சொல்லவில்லை, என் தகப்பனின் கை முறிவு அவர்களால்தான் பொருந்தியது. வீக்கம் வற்றியதும் குணம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளை மைதானத்துக்குப் போய்விடக்கூடாது, அதுதான் என் கவலை. கழன்று கழன்று போகும் ஒவ்வொரு தடவையும் மூட்டுக்கு நடுவில் மெத்தை மாதிரி உள்ள மெனிஸ்கஸ் கிழியலாம். அது போனால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு. ஆஸ்பத்திரிக்கு இந்தக் கிழமையே கொண்டுபோங்கள்.

2025 ஒகஸ்ட் 31

சுற்றுப்போட்டி முடிந்தது. தம்பி இறங்கவில்லை. அரையிறுதியில் அவன் கழகம் தோற்றது, நீ நின்றிருந்தால் வென்றிருப்போம் என்று ஒரு பெரியவர் அவனிடமே சொன்னாராம். இப்படிப் பேசாதீர்கள். 22 வயதுப் பிள்ளையின் மனத்தில் அது கிடந்து அரிக்கும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவேண்டும்.

2025 ஒக்டோபர் 5

ஒபரேசன் இல்லாமலே ஆடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுவீடனில் 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே ஒபரேசனும் பயிற்சியும், மறுபகுதிக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஒபரேசன் என்று செய்து பார்த்தார்கள், 2010இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் இரு பக்கத்தாரும் சொன்ன முழங்கால் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடத்தில் இரண்டாம் பகுதியில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒபரேசன் செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வயல் வேலை, மீன்பிடி, சைக்கிள் என்று வாழ்கிற ஒருவருக்கு முதலில் நல்ல பயிற்சி கொடுத்துப் பார்ப்பது நியாயம். வெட்டித் திரும்பி ஆடுகிற விங் ஆட்டக்காரனுக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் ஒபரேசன்தான் சொல்வார்கள். கால் கழன்றுகொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

மன்செஸ்டர் சிட்டியின் ரொட்ரியையும் பாருங்கள். 2024 செப்டெம்பரில் கிழித்து 2025 மே மாதம் திரும்பினார், அதன் பிறகு கவட்டைத் தசை பிடித்து மறுபடி வெளியே. நெய்மார் ஒரு வருடம் கழித்து வந்து இரண்டாவது ஆட்டத்திலேயே தொடைத் தசையில் அடிபட்டார். முழங்கால் தாங்கினாலும் மற்றத் தசைகள் போட்டி வேகத்துக்குப் பழகவில்லை. ஆகவே முதல் நாளே 90 நிமிடம் இறக்காதீர்கள், இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று கூட்டுங்கள்.

2025 நவம்பர் 16

தம்பிக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. இப்போது 91 வீதம் தாவுகிறான். மாரி தொடங்கி மைதானமெல்லாம் தண்ணீர், சுற்றுப்போட்டியும் இல்லை. எங்கள் ஊர்க் காலநிலை இந்த ஒரு விஷயத்தில் நல்லது செய்கிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு தரை ஆறியதும் தொடங்கலாம் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். அதுவரை மண்டபத்துக்குள் தாவல், திரும்பல், மோதல்.

பெண்பிள்ளைகள் அணி ஒன்றைப் பழக்கும் திருக்கோவில் ரீச்சர் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ரீச்சர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அலெக்ஸியா புட்டெயாஸ் 2022 யூரோவுக்குச் சற்று முன்னர் கிழித்து, பத்து மாதம் கழித்து வந்து 2023இல் ஸ்பெயினோடு உலகக் கிண்ணம் எடுத்தார், அதே உலகக் கிண்ணத்தை இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா மூவரும் இதே காயத்தால் இழந்தார்கள். பிஃபா 11 பிளஸ் என்ற சூடேற்றும் பயிற்சியைப் பழக்குங்கள். இருபது நிமிடம், பந்தும் தரையும் போதும், ஓட்டம், பலம், தாவல், திரும்பல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. நோர்வேயில் 1,892 இளம் பெண் ஆட்டக்காரரிடம் செய்து பார்த்ததில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தன. வாரத்தில் இரண்டு தடவையாவது, விடாமல்.

தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு சின்ன வாங்கிலிருந்து குதித்து இறங்கச் சொல்லி, முன்னால் இருந்து போனில் எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி உள்ளே சாய்கிற பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது வேகமாகத் திருத்தும். முழங்காலை வெளியே வைத்து, இடுப்பை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கச் சொல்லுங்கள்.